மூட வேண்டிய அறிவித்தலும் மூடக் கூடாத அறிவித்தலும்

ஆசிரியர் அவர்கட்கு,

உயர்தரப் பெறுபேறு பார்க்கவும் வேலை விண்ணப்பம் நிரப்பவும் யாழ்ப்பாணத்தில் இன்னும் பலர் கொமியூனிகேசன் கடைகளுக்குத்தான் போகிறார்கள். அங்குள்ள பழைய கணினிகளில், இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் உலாவியான குரோமைத் திறந்தால் முகவரிப் பட்டைக்குக் கீழே ஒரு வரி வரும்: இனிப் புதுப்பிப்புக் கிடைக்க விண்டோஸ் 10 வேண்டும், இது விண்டோஸ் 7 என்று. கடைத் தம்பி அதை வாசிக்காமலே மூடிவிடுவார். அது உண்மையான எச்சரிக்கை. 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-க்கான குரோம் நின்றுவிட்டது. அதன் பின் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் அந்தக் கணினியில் திறந்தபடியே கிடக்கின்றன. அதில்தான் நாம் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கடவுச்சொல்லையும் அடிக்கிறோம்.

பக்கத்தின் நடுவில் 'உங்கள் பிளாஷ் பிளேயர் பழையது, உடனே புதுப்பியுங்கள்' என்று ஒரு பெட்டி வந்தாலோ, அதை மட்டும் பயபக்தியோடு அழுத்துகிறோம்! பிளாஷ் என்பது இணையப் பக்கங்களில் அசைபடம் ஓட்ட உலாவியோடு பொருத்தும் துணை மென்பொருள், அதாவது ஒரு செருகி. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் அதைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்தச் செருகி தானே எதையும் ஓட்ட மறுத்தது. செத்த பொருளுக்குப் புதுப்பிப்பு ஏது? அழுத்தினால் இறங்குவது வைரஸ் அல்லது விளம்பர மென்பொருள்.

இரண்டையும் பிரித்தறிய இடத்தைப் பாருங்கள். உலாவி பேசுவது முகவரிப் பட்டையை ஒட்டி, அல்லது வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில். பக்கத்துக்குள் தோன்றும் பெட்டி அந்த இணையத்தளத்தின் கைவேலை. திரையின் வலது கீழ் மூலையில் 'வைரஸ் புகுந்துவிட்டது' என்று அடிக்கடி எட்டிப்பார்ப்பதும் பெரும்பாலும், எப்போதோ ஒரு தளம் அறிவித்தல் காட்ட 'அலோவ்' கொடுத்ததன் விளைவுதான். குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேசன்ஸ் என்று போய் அந்தத் தளத்தை நீக்கினால் ஓய்ந்துவிடும்.

செருகிகளை உலாவிகள் ஏன் கைகழுவின? பிளாஷ், ஜாவா போன்றவை உலாவிக்குள் படம் காட்டினாலும் தனி மென்பொருள்கள். பயனருக்குக் கணினியில் உள்ள அதிகாரம் பெரும்பாலும் அவற்றுக்கும் இருந்தது. செருகியில் ஓர் ஓட்டை விழுந்தால் உலாவி எவ்வளவு புதிதென்றாலும் பயனில்லை. குரோம் 2015 செப்டெம்பரில் 45ஆம் பதிப்போடு பழைய வகைச் செருகிகளை நிறுத்தியது. பயர்பொக்ஸ் 2017 மார்ச்சில் பிளாஷ் தவிர்ந்தவற்றையும், 2021 ஜனவரியில் பிளாஷையும் நீக்கியது.

பழைய பிளாஷ் இன்னும் இருந்தால் கண்ட்ரோல் பனலில் புரோகிராம்ஸ் அன்ட் பீச்சர்ஸைத் திறந்து, 'அடோபி பிளாஷ் பிளேயர்' என்று தொடங்கும் ஒவ்வொன்றையும் அகற்றுங்கள். உலாவி வகைக்கு ஒன்றாக இரண்டு மூன்று இருக்கலாம். பிறகு குரோமின் மூன்று புள்ளி, ஹெல்ப், அபவுட் கூகுள் குரோம். புதுப்பிப்பு இருந்தால் தானே இறங்கும். 'ரீலோஞ்ச்' அழுத்தாமல் விட்டால் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும். பலர் தவறுவது இந்த இடத்தில்.

பாட இறுவட்டுகளில் பிளாஷ் அசைபடங்கள் உள்ளன என்பதற்காகச் சில பாடசாலைகள் பழைய உலாவியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றன. அது வேண்டியதில்லை. 'ரபிள்' (Ruffle) என்ற இலவச மென்பொருள் பிளாஷ் இல்லாமலே அந்தக் கோப்புகளை ஓட்டும். பழைய, எளிய அசைபடங்கள் நன்றாக ஓடும். பிற்காலத்துச் சிக்கலானவை சில இடறும். வகுப்புக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதுக் கணினி வாங்கக் காசில்லாத கடைக்காரர் பழையதை எறியத் தேவையில்லை. 4 ஜிபி ராம் இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, புதிய பயர்பொக்ஸோடு இணையத்துக்குக் கொடுக்கலாம். பாமினி எழுத்துருவில் தமிழ் தட்டச்சுச் செய்யவும் பழைய பிரின்டருக்கும் விண்டோஸ் 7 வேண்டுமென்றால் அதை வேறு ஒரு கணினியில் வைத்து, பின்னால் உள்ள நெட்வேர்க் வயரைக் கழற்றிவிடட்டும்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.