இலையில் ஓட்டை விழட்டும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எலுமிச்சைக் கன்றின் இலைகளில் பாதியைக் காணோம். மிச்சமிருப்பதில் பறவை எச்சம் மாதிரி என்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இதுக்கு என்ன மருந்துப்பா அடிக்கணும்?" என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் அடிக்காதே. அது எச்சமில்லை, புழு. எலுமிச்சை வகைச் செடிகளைத் தேடி முட்டையிடும் பட்டாம்பூச்சியின் பிள்ளை. பறவைகளை ஏமாற்றத்தான் அந்த எச்ச வேடம். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அப்போது லேசாகத் தொட்டுப் பார், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, கடிக்காது.

கன்று ரொம்பச் சின்னது, மொட்டையாகிவிடும் என்று தோன்றினால் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இலையோடு கிள்ளி, அதே வகைப் பெரிய மரம் எங்காவது இருந்தால் அதில் வைத்துவிடு. வேறு செடியில் வைத்தால் பட்டினிதான், அவற்றுக்கு அந்த இலை தவிர வேறு ஆகாது. மரம் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

"பறவை, பட்டாம்பூச்சியெல்லாம் வருகிற மாதிரி தோட்டம் போடப் போகிறேன்" என்று நீதான் போன மாதம் சொன்னாய். சரி, பறவை வேண்டும், ஆனால் புழு வேண்டாம் என்றால் எப்படி? வட அமெரிக்காவில் சிக்கடி என்று உள்ளங்கையில் அடங்குகிற பறவை ஒன்று உண்டு. ஒரு ஈட்டுக் குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறக்கும்வரை அவற்றுக்கு ஊட்ட 6,000 முதல் 9,000 புழுக்கள் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டக்ளஸ் டாலமி என்ற பூச்சியியல் பேராசிரியர் போகிற இடமெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்வார். பெரியதானபின் விதை பொறுக்குகிற பறவைகளிலும் பெரும்பாலானவை குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். தானியத் தட்டு வைத்தால் வளர்ந்த பறவைகள் வந்து தின்றுவிட்டுப் போகும். அவை உன் தோட்டத்தில் குடும்பம் நடத்த வேண்டுமானால் யாரோ உன் இலைகளைத் தின்றுகொண்டிருக்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நர்சரிக்குப் போ. "இதில் பூச்சியே வராது" என்று சொல்லித்தான் பாதிச் செடிகளை விற்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வேறு கண்டத்திலிருந்து கொண்டுவந்த செடியை உள்ளூர்ப் பூச்சிகளில் பலவற்றால் தின்ன முடியாது. ஒவ்வொரு செடியும் தன்னைக் காத்துக்கொள்ள இலையில் ஒருவித நஞ்சு வைத்திருக்கிறது. அந்த நஞ்சைச் செரிக்கப் பூச்சிகள் நெடுங்காலம் கூடவே வாழ்ந்து பழகியிருக்க வேண்டும். மோனார்க் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு எருக்கின் சொந்தக்காரச் செடிகளை விட்டால் வேறு சாப்பாடு கிடையாது. அந்தச் செடிகளைக் களை என்று ஒழித்த இடங்களில் மோனார்க்கும் போய்விட்டது. ஆகவே நீ இருக்கும் ஊரில் சாலை ஓரத்திலும் தரிசிலும் யாரும் நீரூற்றாமல் தானாக என்ன வளர்கிறது என்று முதலில் பார். அந்த நாட்டுச் செடிகள், அந்த நாட்டு மரம் ஒன்று, இதில் தொடங்கு. உனக்குப் பிடித்த ரோஜாவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். முக்கால் தோட்டம் மண்ணுக்குரியதாக இருந்தால் போதும்.

பட்டாம்பூச்சி மொய்க்கிறது என்பதற்காக உண்ணிச்செடியை மட்டும் வாங்கிவிடாதே. அழகுக்காகத் தோட்டங்களுக்குப் போன செடி அது. இன்று பல நாடுகளின் காடுகளை மூடிக்கொண்டு நிற்கிறது. தேன் கொடுக்கிற செடியெல்லாம் நல்ல செடி ஆகிவிடாது. அதேபோல அடுக்கடுக்காய் இதழ் வைத்த பூக்கள். அவற்றில் மகரந்தத் தண்டுகள் பெரும்பாலும் இதழாகவே மாறிப்போயிருக்கும். நமக்குக் கண்ணுக்கு விருந்து, தேனீக்கு ஒன்றுமில்லை. ஒற்றை அடுக்குப் பூவாகப் பார்த்து வாங்கு.

அப்புறம் மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாட்டில் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். மரியாதையாக வாங்கிக்கொண்டது நல்லது, திறக்காமலே இருக்கட்டும். அசுவினியை எடுத்துக்கொள். வெயில் காலத்தில் பெண் அசுவினிகள் இணை சேராமலே நேராகக் குட்டி போடும். ஒரு வாரத்துக்கும் சற்று மேலே ஆனால் அந்தக் குட்டியும் குட்டி போடும். அதைத் தின்கிற பொறிவண்டுக்கு முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வளர்ந்து வர வாரக்கணக்கில் ஆகும். நீ மருந்தடித்தால் இரண்டும் சாகும், ஆனால் அசுவினிதான் முதலில் திரும்பி வரும், கேட்க ஆளில்லாமல். திருடனையும் காவல்காரனையும் ஒரே அறையில் பூட்டித் தீ வைத்துவிட்டு, அடுத்த திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த கதை இது. வீட்டிலேயே கரைத்த வேப்பெண்ணெய்க் கரைசலும் ஆளைப் பார்த்துக் கொல்வதில்லை. அசுவினி அளவுக்கு மீறினால் தண்ணீரைப் பீய்ச்சி அடி, பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். தண்டில் எறும்பு வரிசை போகிறதா என்றும் பார். அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். எறும்பு ஏறும் வழியை மறித்தாலே பாதி வேலை முடிந்தது.

பொறிவண்டின் புழுவை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள். தாயைப் போல அழகாக இருக்காது. கறுப்பாக, முள் முள்ளாக, குட்டி முதலை போல ஊரும். ஏதோ கெட்டது என்று நினைத்து நசுக்கிவிடுபவர்கள் நிறையப் பேர். அசுவினியைத் தேடித் தேடித் தின்பவை அவைதான்.

இன்னொன்று, நர்சரிக்காரரிடம் செடிக்கு நியோனிகோட்டினாய்டு வகை மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று கேள். இலைமேல் இருந்தால் கழுவிவிடலாம். இது வேர் வழியே ஏறி, சாற்றில் கலந்து, மகரந்தத்திலும் தேனிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை போட்டது, தேனீக்களை முன்னிட்டுத்தான். "தேனீ நண்பன்" என்று அட்டை தொங்கும் செடியிலும் இது இருக்கலாம். கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேள்.

தேன்பெட்டி வைக்கலாமா என்று கேட்டிருந்தாயே, எனக்கு அதில் உடன்பாடில்லை. தேன் வேண்டுமானால் வை. தேனீக்களைக் காப்பாற்ற என்றால் அது வழியல்ல. உலகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்ப்பவை அதில் மிகச் சில. மற்றவை பெரும்பாலும் தனி ஆள், ராணியும் இல்லை, படையும் இல்லை. சின்ன இடத்தில் ஒரு பெட்டித் தேனீக்களைக் கொண்டுவந்து இறக்கினால் இருக்கிற பூவுக்குப் போட்டிதான் கூடும். உன் தக்காளியையே பார். அதன் பூவை உலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தில் துளை போடும் கறுத்த பெரிய தேனீ இருக்கிறதே, வண்டு என்போமே, அது பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்துவிடும். உன் ரோஜா இலையில் யாரோ கத்தரி வைத்து வட்டமாக நறுக்கிய மாதிரி இருந்தால் அதுவும் ஒரு தேனீயின் வேலைதான். வெட்டிய துண்டைச் சுருட்டித் தன் பிள்ளைகளுக்கு அறை கட்டும்.

இந்தத் தனித் தேனீக்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு மண்ணுக்குள் கூடு வைப்பவை. நீயோ மூடாக்கு நல்லது என்று படித்துவிட்டு ஓர் அங்குலம் விடாமல் சருகைப் பரப்பியிருக்கிறாய். மூடாக்கு நல்லதுதான், ஈரம் நிற்கும், மண்புழு வரும். ஆனால் வெயில் படுகிற ஒரு மூலையை வெறும் மண்ணாக விடு, கொத்தாதே. பட்டுப்போன கிளைகளை இன்னொரு மூலையில் குவித்து வை. தேரை, பூரான், வண்டு எல்லாம் அங்கே குடியேறும். நீ அந்தப் பக்கம் அடிக்கடி போகாமலிருந்தால் சரி.

தண்ணீர் கட்டாயம். அகலமான தட்டில் நடுவே கல் போட்டு வை, பூச்சிகள் உட்கார்ந்து குடிக்கும். கொசு வரும் என்று பயப்படுகிறாய், நியாயம்தான். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மண்ணில் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவு. சும்மா கொட்டினால் போதாது, சில கொசுக்களின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் சாகாமல் இருக்கும். இடமிருந்தால் குட்டையே வெட்டலாம். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும், விழுந்த உயிர் ஏறி வர வழி வேண்டும். மீன் மட்டும் விடாதே. தட்டான் குஞ்சுகள் தண்ணீருக்குள்தான் வளரும், கொசுப்புழு அவற்றுக்கு நல்ல தீனி. மீன் வந்தால் தட்டான் குஞ்சையும் தவளை முட்டையையும் சேர்த்து முடித்துவிடும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீட் கலந்த மண் பை வாங்காதே. சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுப்பது அது. உலக நிலப்பரப்பில் சுமார் மூன்று விழுக்காடே உள்ள அந்தச் சதுப்புகள் காடுகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பனைப் பூட்டி வைத்திருக்கின்றன. காய்ந்த இலையும் காய்கறித் தோலும் கலந்து நீயே மக்க வை. கூரைத் தண்ணீரைப் பிடி: 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர். தோட்டத்து விளக்கை இரவில் அணை, அந்துப்பூச்சிகள் விளக்கைச் சுற்றியே விடிய விடியச் செத்துப்போகின்றன.

பூனை விஷயத்தில் நீ என்மேல் கோபிப்பாய். அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பங்கு தெருப்பூனைகளுடையது என்றாலும் வீட்டுப்பூனைகளும் ஒன்றும் சாது இல்லை. பறவையை அழைக்கிற தோட்டத்தில் பூனையைத் திறந்துவிடக் கூடாது. விடிகாலையிலும் அந்தியிலுமாவது உள்ளே வைத்துக்கொள்.

இவ்வளவு சின்ன இடத்தில் என்ன பெரிதாக நடந்துவிடும் என்கிறாய். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற விலங்கியலாளர் தன் வீட்டுத் தோட்டத்தையே முப்பது ஆண்டுகள் கணக்கெடுத்தார். 1972-இல் தொடங்கினார். 741 சதுர மீட்டர், புல்தரை, காய்கறிப் பாத்தி, பூச்செடி என்று எல்லா வீட்டையும் போன்ற தோட்டம்தான். நரம்பு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் அவர் விடவில்லை. கடைசியில் வந்த எண்ணிக்கை 2,673 இனங்கள், அதில் 1,997 பூச்சிகள். உன் இடம் அதைவிடச் சின்னதுதான். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாதே என்கிறேன், அவர் தோட்டமும் நமக்கு வேண்டும். புதர் மண்டியிருக்கிறது என்று அவர் சொல்லாதபடி நடைபாதை ஓரத்தை மட்டும் நேராக வெட்டி வை. உள்ளே எப்படி இருந்தாலும், வேண்டுமென்றே வளர்த்தது என்று தெரிந்துவிடும். சுவரைத் தாண்டி அவர் பக்கமும் பூக்கிற மாதிரி உயிர்வேலி ஒன்று போட்டுவிடலாம்.

அதற்கு எந்தச் செடி என்று சொல்ல எனக்கு இன்னும் விவரம் வேண்டும். மதிய வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, மண் கையில் பிசைந்தால் உருண்டையாக நிற்கிறதா உதிர்கிறதா, இதெல்லாம் பார்த்து எழுது. அந்தச் சுவருக்கும் உன் வாசலுக்கும் எத்தனை அடி என்றும் அளந்துவிடு. அம்மா அவள் பங்குக்கு விதைகள் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். நீ இருக்கும் நாட்டுக்கு அதை அனுப்ப வேண்டாம் என்று நான் தடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று நீயே போனில் அவளுக்கு எடுத்துச் சொல், நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

அன்புடன்,
அப்பா