பாப்பாவுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஓதம் அடித்த மாடிச் சுவரைக் கொத்தனார் வந்து பார்த்தார், வெயில் காலத்தில் பூசலாம் என்கிறார். பெரியத்தை வீட்டு விஷயம் அப்படியே கிடக்கிறது.

போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். கூப்பிட்டால் "மெசேஜ் போடுங்கப்பா, மீட்டிங்கில் இருக்கேன்" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமுமா மீட்டிங்? சரி, அது போகட்டும். பேங்கில் அடுத்த பதவி உயர்வுக்கான ஸ்கேல் டூ பரீட்சைக்கு நீ இந்த வருஷமும் எழுதிக் கொடுக்கவில்லை என்று சின்னவன் சொன்னான். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட அவனிடம் கேட்டாயாம். பேங்க் ஆபீசர் பரீட்சையில் முதல் தடவையே தேறி, தெருவே வந்து கைகொடுத்துவிட்டுப் போன பிள்ளை நீ. மொழி தெரியாத நாக்பூரில் தனியாகப் போய் நின்று, ஒரே வருஷத்தில் இந்தியில் வாடிக்கையாளரிடம் சண்டை போடும் அளவுக்கு வந்தவள். அவள் பரீட்சைக்குப் பயந்து ஒதுங்குகிறாள் என்றால் நான் நம்ப மாட்டேன். காரணம் உன் காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

வக்கீல் ஆபீசில் டைப் அடித்த பழக்கம், ரிட்டயர் ஆன பிறகும் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 என்று ஒன்று இருக்கிறது, 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 1995 சட்டத்தில் 7 வகை குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. அதன் 20ஆவது பிரிவை மட்டும் நீ நிதானமாகப் படிக்க வேண்டும். அரசு நிறுவனம் எதுவும் வேலை விஷயத்தில் பாகுபாடு காட்டக் கூடாது. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது. வேலையில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு வந்தால் வெளியே அனுப்பவோ பதவியில் இறக்கவோ முடியாது, அந்த வேலைக்கு ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்குத்தான் மாற்ற வேண்டும். அரசுடைமை வங்கிகளுக்கும் இது பொருந்தும்.

தீபாவளிக்கு நீ வந்து போன பிறகு உன் கட்டிலுக்கடியில் பெருக்கும்போது அம்மாவுக்கு ஒரு பொத்தான் பேட்டரி கிடைத்தது. வாட்ச் பேட்டரி என்று எடுத்து வைத்தாள். அதன் ஒரு பக்கத்தில் ஊசி குத்தியதுபோலப் பொடி ஓட்டைகள், பக்கத்திலேயே உரித்துப் போட்ட பழுப்பு நிற ஸ்டிக்கர். கடையில் காட்டினேன். காது மெஷினுக்குப் போடுவது என்றார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ முடியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு திரிந்ததும், குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்க நீ பேசாமல் உட்கார்ந்திருந்ததும் அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

எங்களிடம் ஏன் மறைத்தாய்? கோபித்து எழுதவில்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. காது கேளாதோர் பள்ளிப் பிள்ளைகள் பஸ் ஸ்டாப்பில் கையாலேயே பேசிச் சிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவள்தானே நீ? அவர்களிடம் கற்றுக்கொண்டு வந்து எனக்குக்கூடக் கையால் பெயர் எழுதிக் காட்டினாயே. அப்போது அதில் வெட்கப்பட ஏதாவது இருந்ததா?

ஒரு நினைப்பு உனக்கு இருக்கலாம்: குறைபாடு 40 சதவீதம் இல்லாதவள் என்ன கேட்க முடியும் என்று. அது தப்பு. 40 சதவீதம் என்பது 4 சதவீத இட ஒதுக்கீடு மாதிரியான சலுகைகளுக்கு. பாகுபாடு காட்டாதே, எனக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்து கொடு என்று கேட்க அந்த அளவுகோல் தேவையில்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒருவர் ஐஏஎஸ் தேர்வுக்கு உதவியாளர் கேட்டார், 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2023இல் நம் தமிழ்நாட்டு மின்வாரிய வழக்கு ஒன்று. நிறக்குருடு இருப்பதால் உதவிப் பொறியாளர் வேலை இல்லை என்றார்கள். அந்த 21 வகைகளில் நிறக்குருடே கிடையாது. இருந்தும், அவரை வேலைக்கு எடுத்து ஏற்ற பிரிவில் போடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. படித்தபோது உன் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது.

நீ கேட்கப் போவது என்ன பெரிய விஷயம்? டோக்கன் மெஷின் கத்துகிற ஹாலில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்து பேசுகிறவரை விட்டு, எதிரே முகம் பார்த்துப் பேசும் கடன் பிரிவு மேஜை. வாயால் சொல்லும் உத்தரவை மெயிலில் ஒரு வரி. வீடியோ மீட்டிங்கில் பேச்சு எழுத்தாக ஓடும்படி ஒரு பட்டன். அளவுக்கு மீறிய சுமையாகாத மாற்றத்தைச் செய்து தரச் சட்டம் சொல்கிறது. இதில் எது பேங்குக்குச் சுமை? இதைக் கேட்பது கை நீட்டுவது ஆகாது பாப்பா.

அதனால் எழுதிக் கொடு. மேனேஜர் நல்லவராகவே இருக்கட்டும், வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்த ஆடியோகிராம் நகலை இணை. அரசு மருத்துவமனையில் காட்டிச் சான்றிதழுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கும் விண்ணப்பித்து வை. மேனேஜர் தட்டிக் கழித்தால், இந்தச் சட்டப்படி குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவு செய்து இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அங்கேயும் நடக்காவிட்டால் டெல்லியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் இருக்கிறார். எங்கே போனாலும் கையில் காகிதம் வேண்டும், அதனால் எழுதிக் கொடு.

ராஜினாமாவை மட்டும் எழுதாதே. சட்டம் வேலையில் இருக்கிறவளைக் காப்பாற்றும், தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவளுக்காக வாதாடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆபீசில் பார்த்திருக்கிறேன்.

மனுவை நீ தமிழிலேயே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், நான் இங்கிலீஷில் டைப் அடித்துத் தருகிறேன். கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோ, ஒன்றில் தேதியும் சீலும் போட்டு வாங்கு. அம்மாவிடம் நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா