4.2-க்கும் 4.6-க்கும் என்ன வித்தியாசம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழலையர் வகுப்புகளின் தரத்தை அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். அளப்பது நல்லதுதான். அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும்.

வகுப்பை நேரில் கவனித்துப் புள்ளியிடப் பரவலாகப் புழங்கும் அளவுகோல்கள் ஈக்கர்ஸ் (ECERS), கிளாஸ் (CLASS) இரண்டும். இரண்டிலும் 1 முதல் 7 வரை புள்ளிகள். 2014-இல் வெளியான ஈக்கர்ஸ்-3 என்ற மூன்றாம் பதிப்பில் 35 கூறுகள்; மதிப்பீட்டாளர் மூன்று மணி நேரம் ஓரமாக இருந்து கவனிப்பார். அலமாரியில் பூட்டிவைத்த பொம்மைக்கு மதிப்பில்லை, குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும். நல்ல விதி. ஆனால் புள்ளியிடும் முறை ஏணி ஏறுவது போன்றது: கீழ்ப்படி நிபந்தனைகள் நிறைவேறாவிட்டால் மேற்படியில் உள்ளவை கணக்கில் வராது. சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியை குழந்தைகளோடு உட்கார்ந்து அருமையாகப் பேசியிருப்பார். கைகழுவ வைப்பதில் கோட்டை விட்டிருந்தால், அந்தக் கூறுக்கு 1 அல்லது 2தான்.

கிளாஸ் பொருள்களை எண்ணுவதில்லை, ஆசிரியரும் குழந்தைகளும் பழகுவதைப் பார்க்கிறது. சுமார் 20 நிமிடம் கவனித்து, 10 நிமிடம் புள்ளியிட்டு, வழக்கமாக நான்கு சுற்றுகள். உணர்வு ஆதரவு, வகுப்பு ஒழுங்கு, கற்றல் ஆதரவு என மூன்று களங்கள். பெரும்பாலான வகுப்புகள் சறுக்குவது மூன்றாவதில். “இது என்ன நிறம்?” என்ற கேள்வி எங்கும் கேட்கும். “கோபுரம் ஏன் சரிந்தது?” என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பவர் அரிது. 6, 6, 2 வாங்கிய வகுப்புக்கும் 5, 5, 4 வாங்கிய வகுப்புக்கும் சராசரி ஒன்றே, 4.7! கற்பித்தலைத் திருத்த நினைப்பவருக்கு இந்த எண்ணால் என்ன பயன்?

மதிப்பீட்டாளர் தேர்ச்சியையும் பாருங்கள். அவர் இடும் புள்ளிகளில் 80 சதவீதம், தேர்ந்த மதிப்பீட்டாளரின் புள்ளியிலிருந்து ஒன்று கூடக்குறைய இருந்தாலே கிளாஸில் தேர்ச்சி. 4 போட வேண்டிய இடத்தில் 5 போட்டாலும் ஒத்துப்போனதாகவே கணக்கு. கைதாராளமானவர் எல்லாக் கூறுகளிலும் அப்படியே போடுவார். சராசரி எடுத்தாலும் அது கரையாது. ஆகவே வெவ்வேறு ஆட்கள் அளந்த 4.2-ஐயும் 4.6-ஐயும் வைத்து இது மேல், அது கீழ் என்பது நியாயமில்லை.

களவாரியாகப் புள்ளிகளை வெளியிடட்டும். அவ்வப்போது இருவர் ஒரே வகுப்பில், கலந்து பேசாமல், தனித்தனியே புள்ளியிட்டு ஒப்பிடட்டும். வருகை நாளைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்லாமல், இரண்டு வாரத்துக்குள் ஏதோ ஒரு நாள் என்று மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு மதிப்பீட்டாளர்கள் சிலர்