சிறுவன் 'ஒப்புக்கொண்டான்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் பித்தளைச் சாமான் காணாமல் போனால் சந்தேகம் முதலில் தெருப் பையன்கள் மேல்தான், அப்புறம் 'சிறுவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்' என்று செய்தியும் வந்துவிடுகிறது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் பெரியவர்கள் வழக்கிலேயே செல்லாது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவு இதைச் சொல்கிறது. சிறுவர்கள் விஷயத்தில் மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் இன்னும் கறாரானவை: ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து கேட்கக் கூடாது, விசாரணையின்போது பெற்றோர் உடனிருக்கலாம். பதினான்கு வயதுப் பையன் 'ஆமாம்னு சொல்லிட்டா வீட்டுக்குப் போயிடலாம்' என்ற ஒரே நினைப்பில் எதற்கும் தலையாட்டுவான், பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அவன் சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு அது சாட்சியமாகலாம் என்ற விதிவிலக்கு வேறு இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய பயம். பெற்றோர் தாமதிக்காமல் சிவகங்கை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள். சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் முடிவு சொல்லும்வரை உங்கள் செய்தியில் 'விசாரிக்கப்படுகிறான்' என்று மட்டும் போடுங்கள், ஊர்ப் பெயரும் வேண்டாம், எங்கள் சின்ன ஊர்களில் அதை வைத்தே பையன் யாரென்று தெரிந்துவிடும்.

ஒரு வாசகர், காரைக்குடி