பணம் கட்டுவதற்கு முன்

பாலக்கோடு,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நீ சொன்ன இரண்டு கல்லூரிகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்று எழுதுகிறேன்.

நீ படிக்கப்போகும் ரெஸ்பிரேட்டரி தெரபி என்றால் என்ன என்று அம்மா இன்னும் கேட்கிறாள். மூச்சுத் திணறுகிறவர்களுக்கு மூச்சுவிட உதவும் வேலை என்று எனக்குத் தெரியும். கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுத்த தூசியெல்லாம் நெஞ்சில் தங்கி, உன் தாத்தா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த பதினோரு நாளும் நான் கூடவே இருந்தேன். மூச்சுக்கு வைத்திருந்த வெண்டிலேட்டர் கருவியை எடுத்த மறுநாள் இந்தப் படிப்புப் படித்த ஒரு பெண் வந்தாள். உன்னைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். தலைமாட்டை உயர்த்திவிட்டு, "தாத்தா, மூக்கால் இழுங்கள், உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். எதிரே மெழுகுவர்த்தி எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது" என்றாள். தாத்தா ஊத ஊத, விரலில் மாட்டியிருந்த கருவியில் 86 என்று இருந்த ஆக்சிஜன் அளவு 91 ஆனது. அவர் கைகூப்பினார். அந்தப் பெண் கட்டில் கட்டிலாக நின்று கற்றவள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

அதனால்தான் கட்டடத்தைப் பார்த்து மயங்காதே என்கிறேன். நம் தெருப் பையன் சேர்ந்த கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனையே இல்லை. வாரம் இரண்டு நாள் வேறெங்கோ வேனில் கூட்டிப்போய்ச் சுவரோரம் நிறுத்தினார்களாம். வேலைக்குப் போன பிறகுதான் வெண்டிலேட்டரில் கை வைத்தான். நினைத்தால் வயிறு எரிகிறது. மூன்று ஆண்டுப் படிப்பு, அதன்மேல் ஓராண்டு பயிற்சி. உன் நான்கு ஆண்டுகள் அப்படிப் போகக் கூடாது.

இந்தப் படிப்புக்கென்றே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்றும் பார். கல்லூரிக்கு இருக்கிறது என்பது போதாது. சித்தி வீட்டிலிருந்து கிண்டி பக்கம்தானே, நேரிலேயே போய்க் கேட்டுவிடு. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று வந்த 2021 சட்டத்துக்குப் பிறகு இந்தத் தொழிலுக்கும் பதிவு உண்டு.

முன்பணம் எதுவும் கட்டிவிடாதே. வெள்ளி இரவு தருமபுரியில் பஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை இரண்டு இடத்துக்கும் போவோம். வார்டுக்குள் நம்மை விட மாட்டார்கள். டியூட்டி முடிந்து வரும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், இந்த வாரம் எத்தனை பேருக்குத் தங்கள் கையால் சளி உறிஞ்சி எடுத்தார்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்றெல்லாம் காட்டும் ஏபிஜி ரிப்போர்ட்டைத் தாங்களே படிக்கிறார்களா என்று நீயே கேள்.

அம்மா கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறாள். கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அப்பா