‘ஜெப்பர்டி’க்கு உரிய இடம்: இசை இதழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இதழாசிரியர்களுக்கும் விமர்சகர்களுக்கும்,

1980ஆம் ஆண்டின் சிறந்த ஆல்பங்கள் என்று நீங்கள் தொகுக்கும் பட்டியல்களில் பிரிட்டிஷ் ராக் குழுவான ‘தி சவுண்ட்’டின் முதல் ஆல்பமான ‘ஜெப்பர்டி’யையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். பங்க் இசைக்குப் பின் எழுந்த ராக் வகையான போஸ்ட்-பங்க் என்றதும் ஜாய் டிவிஷனின் ‘குளோசர்’, எக்கோ அண்ட் தி பன்னிமென்னின் ‘கிராக்கடைல்ஸ்’, யூ2வின் ‘பாய்’ ஆகியவை உங்கள் நினைவுக்கு வருகின்றன. மூன்றும் அவ்வாண்டில் வந்தவை. அவற்றின் தகுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், பன்னிமென் குழுவின் ஆல்பத்தை வெளியிட்ட அதே கொரோவா இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக, தென் லண்டனைச் சேர்ந்த நால்வர் மிகக் குறைந்த செலவில் பதிவுசெய்து வெளியிட்ட இந்த ஆல்பம் இன்றுவரை மற்றவர்களின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே இருக்கிறது.

முதல் பாடலான ‘ஐ கான்ட் எஸ்கேப் மைசெல்ஃப்’ஐ மட்டுமாவது நிதானமாகக் கேளுங்கள். கிரஹாம் பெய்லியின் பேஸ் கிட்டாரும் மைக் டட்லியின் டிரம்ஸும் இறுக்கமாக நடக்க, ஏட்ரியன் போர்லண்ட் ஏறத்தாழத் தனக்குத்தானே பேசிக்கொள்பவரைப் போலத் தாழ்ந்த குரலில் பாடுகிறார். கருவிகளுக்கிடையே விடப்பட்ட வெற்றிடமே பாடலின் அச்சத்தைச் சுமக்கிறது. பல்லவியில் கிட்டார் வெடிக்கும்போது, அதுவரை அடக்கிவைத்தது எவ்வளவு என்பது நமக்குப் புரிகிறது. கையில் பணம் இருந்திருந்தால் அந்த வெற்றிடத்தை எதையாவது கொண்டு நிரப்பியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். மறு ஆண்டு வந்த இக்குழுவின் இரண்டாம் ஆல்பமான ‘ஃப்ரம் தி லயன்ஸ் மவுத்’ இதைவிடச் செம்மையானது என்று பலர் சொல்வர். இருக்கலாம், ஆனால் ‘ஜெப்பர்டி’யின் வறண்ட, நெருங்கிய ஒலி அதில் இல்லை. கீபோர்டும் சாக்சபோனும் வாசித்த பை மார்ஷலும் அதில் இல்லை.

‘மிசைல்ஸ்’ பாடல், விளைவு தெரிந்தும் ஏவுகணைகளைச் செய்கிறவர்கள் யார் என்று நேரடியாகக் கேட்கிறது. அமெரிக்காவின் குரூஸ் ஏவுகணைகள் இங்கிலாந்தின் விமானப்படைத் தளங்களான கிரீனம் காமனிலும் மோல்ஸ்வொர்த்திலும் நிறுத்தப்படும் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்த அதே ஆண்டில் அக்கேள்வி இசைத்தட்டாக வெளிவந்தது. அந்தக் காலத்தின் அச்சத்தை இவ்வளவு மறைப்பின்றிச் சொன்ன பாடலை விட்டுவிட்டு அந்தக் காலத்தின் இசையை எப்படி மதிப்பிட முடியும்?

இந்த ஆல்பம் வெளிவந்தபோது பிரிட்டனின் இசை வார இதழ்கள் அதைப் பாராட்டியே எழுதின. ஆகவே அன்றைய விமர்சகர்களின் செவியில் குறையில்லை. விற்பனை இல்லாததால் பெயர் நிலைக்கவில்லை, பெயர் நிலைக்காததால் பின்வந்த பட்டியல்களில் இடமில்லை, ஒவ்வொரு பட்டியலும் முந்தையதைப் பார்த்தே எழுதப்படுவதால் அந்த விடுபடல் தொடர்கிறது. எப்போதாவது இக்குழுவைப் பற்றி எழுதும்போதும், 1999இல் போர்லண்ட் மறைந்த துயரத்திலிருந்தே தொடங்குகிறீர்கள். ‘ஜெப்பர்டி’ வந்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. அந்த இளைஞர் செய்த இசையை, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து நேர்ந்த மரணத்தின் முன்னறிவிப்பாக வாசிப்பது அவருக்கும் உடனிருந்த மூவருக்கும் இழைக்கும் அநீதி.

அடுத்த பட்டியலைத் தொகுக்குமுன் பதினொரு பாடல்களையும் ‘டிசையர்’ வரை வரிசையாகக் கேளுங்கள். அதன்பின்னும் இடமில்லை என்று முடிவுசெய்தால், அதற்கான காரணத்தை உங்கள் இதழிலேயே எழுதுங்கள்.

மதிப்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்