பெரியப்பாவுக்கு ஒரு 'ற'

தருமபுரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேரில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும் என்பதால் இந்தக் கடிதம்.

பெரியப்பா போன அன்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி உன்னுடையது. "பெரியப்பா இன்று காலை இரந்துவிட்டார்." அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். இறந்தார் என்றால் காலமானார். இரந்தார் என்றால் பிச்சை கேட்டார். காவேரிப்பட்டணத்துத் தோப்பில் மழையில்லாமல் பெங்களூரா மாமரங்கள் பிஞ்சிலேயே உதிர்த்த வருடங்களில்கூட, கூடப்பிறந்த உன் அப்பாவிடம் நூறு ரூபாய் கைமாற்று கேட்காத மனிதர் அவர்.

போனில் சொன்னபோது, "விடு அம்மா, எல்லோருக்கும் புரிந்ததே" என்றாய். புரிந்தது, சரி. பஸ்ஸில் நின்றபடி அழுதுகொண்டே தட்டியிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். ரகரமும் றகரமும் நம் வாயில் ஒன்றாகத்தான் வருகின்றன. ஆங்கில எழுத்தில் தட்டினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து; போன் முதலில் நீட்டியதைத் தொட்டிருப்பாய். அந்த நேரத்துப் பிழைக்கு எனக்குக் கோபமில்லை. திருத்துவதற்கு 15 நிமிடம் இருந்தது. அது போனாலும் கீழே இன்னொரு வரி போட்டிருக்கலாம். "ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது" என்று கேட்டாயே, அதுதான் தைத்தது.

நீ பிறப்பதற்கு முன் நான் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவள். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தால் வேலையிழந்த, துதிக்கை வைத்த பழைய லை, னை அச்சுகள் மூலையில் ஒரு டப்பாவில் கிடக்கும். எழுத்துப் பெட்டியில் ரகரம் ஓர் அறையில், றகரம் வேறோர் அறையில். பார்க்காமலே கை அங்கே போகும். அப்படிப் பழகிய கையே ஒருமுறை கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் பெயரில் ளகரத்துக்குப் பதில் லகரம் வைத்துவிட்டது. அச்சடிக்கும் முன் பிழை பார்க்கும் மெய்ப்பிலும் கவனிக்கவில்லை. அவர் வந்து சத்தம் போடவில்லை. தன் பெயர்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றார். அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஓலையில் எழுதிய காலத்தில், எகரம் குறில் என்று காட்டும் புள்ளியை வைக்க மாட்டார்கள். எகரமா ஏகாரமா என்று படிக்கிறவர்தான் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்த பிறகே அந்தப் பாடு தீர்ந்தது. புரிந்ததே என்று நீ சொல்லும்போது அந்தச் சிரமத்தை மறுபடி படிக்கிறவர் தலையில் வைக்கிறாய். அன்று உன் பெரியம்மாவும் அந்தச் செய்தியைப் படித்தார்.

வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று சண்டை போடுகிறவள் இல்லை நான். பேசுகிற மாதிரியே நீ எழுதுவதும் எனக்குப் பிடிக்கும்; உன் குரல் கேட்கும். எதிர்வீட்டு அத்தை அஞ்சாவதோடு பள்ளியை விட்டவர். அவர் எழுதுவதில் பிழை இருந்தால் ஒரு வார்த்தையும் சொல்லாதே. அவர் தடவித் தடவி எழுதுகிறார். நீ படித்தவன். எழுதியதை ஒருமுறை திரும்பிப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

16ஆம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். வாசகத்தை நான் எழுதவில்லை, நீ எழுது. வியாழக்கிழமைக்குள் அனுப்பு. மெய்ப்பு வந்ததும் உனக்குத்தான் முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா